ஒபாமாவின் வேலைவாய்ப்பு மசோதா, 2011: கேள்வி பதில்

அமெரிக்க காங்கிரஸின் நடவடிக்கைக் குறிப்புகளைப் படிப்பது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். 2011 செப்டம்பர் 8 அன்று செனட், பிரதிநிதிகள் சபை ஆகிய இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தில் அதிபர் ஒபாமா முன்வைத்த 44,700 கோடி டாலர் வேலைவாய்ப்பு மசோதா எப்படி முடங்கியது என்பதைப் பற்றி இங்கே கேள்விகளை வரவேற்றிருந்தேன். வந்தவற்றில் எனக்குத் தெரிந்த எல்லைக்குள் அடங்குபவற்றுக்கு விடை எழுதியிருக்கிறேன். தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை: அமெரிக்க செனட்டில் ஒரு வாக்கெடுப்பின் எண்ணிக்கையைப் பார்க்கும் முன், அந்த வாக்கு எதன்மீது நடந்தது என்று பாருங்கள். இதை இன்னும் சில முறை சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி (கோவை வாசகர்): அந்த மசோதாவில் என்னதான் இருந்தது? அரசாங்க வேலை கொடுக்கும் திட்டமா?

இல்லை. பெயரைக் கேட்டதும் பலர் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள். தொகையில் பாதிக்கும் மேல் வரிக் குறைப்புதான். அங்கே ஊழியரின் சம்பளத்தில் சமூகப் பாதுகாப்புக்காக 6.2 விழுக்காடு பிடிக்கப்படும். 2011ஆம் ஆண்டுக்கு மட்டும் அது 4.2ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. அதை 3.1ஆகக் குறைத்து அடுத்த ஆண்டுக்கும் நீட்டிப்பதற்கு 17,500 கோடி டாலரும், முதலாளிகள் செலுத்தும் பங்கைக் குறைப்பதற்கு ஏறத்தாழ 6,500 கோடி டாலரும் ஒதுக்கப்பட்டிருந்தன. மிச்சத்தில் வேலையில்லாதோர் உதவித்தொகை நீட்டிப்பு, ஆசிரியர்களும் காவலர்களும் தீயணைப்பு வீரர்களும் வேலையிழக்காமல் இருக்க மாநிலங்களுக்கு 3,500 கோடி, சாலை, பாலம், ரயில் பணிகளுக்கு 5,000 கோடி, பள்ளிக் கட்டடங்களைப் புதுப்பிக்க 3,000 கோடி என்று வரிசையாகப் போகிறது. மூடிஸ் நிறுவனத்தின் பொருளாதார நிபுணர் மார்க் சாண்டி இதனால் 19 லட்சம் வேலைகள் உருவாகலாம் என்று மதிப்பிட்டார். அது ஒரு பொருளாதாரக் கணக்கு மாதிரியிலிருந்து வந்த முன்கணிப்பு. நடந்து முடிந்த கணக்குபோல அதை மேற்கோள் காட்டாதீர்கள்.

கேள்வி (சென்னை, கல்லூரி மாணவி): 50க்கு 49 என்று ஆதரவு அதிகமாக இருந்தும் மசோதா தோற்றது எப்படி?

அக்டோபர் 11 அன்று செனட்டில் நடந்தது மசோதாவின் மீதான வாக்கெடுப்பே இல்லை. மசோதாவை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா என்ற தீர்மானம் ஒன்று இருக்கிறது. அந்தத் தீர்மானத்தின் மீதான பேச்சை முடித்துக்கொள்ளலாமா என்பதுதான் அன்று கேட்கப்பட்ட கேள்வி. அதாவது வீட்டுக்குள் போகலாமா என்று பேசுவதை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு 100 பேர் அவையில் 60 வாக்குகள் வேண்டும். 1917இல் இந்த விதி வந்தபோது மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டது. 1975இல்தான் அது ஐந்தில் மூன்றாகக் குறைந்தது. பழைய காலத்தைப்போல விடிய விடிய நின்று பேசித் தடுக்க வேண்டிய தேவையும் இப்போது கிடையாது. தடுக்கப்போகிறோம் என்று தெரிவித்துவிட்டாலே போதும், அவை வேறு வேலையைப் பார்க்கப் போய்விடும்.

அந்த 50க்குள்ளும் ஒரு கதை இருக்கிறது. ஜனநாயகக் கட்சியின் பக்கம் 53 பேர் இருந்தார்கள். நெப்ராஸ்காவின் பென் நெல்சனும் மொன்டானாவின் ஜான் டெஸ்டரும் எதிர்த்தார்கள். இருவரும் 2012 தேர்தலை எதிர்நோக்கியிருந்த பழமைவாத மாநிலத்துக்காரர்கள். மீதி 51. செனட்டில் ஜனநாயகக் கட்சியை வழிநடத்திய பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் கடைசியில் தன் வாக்கை எதிர்ப்புக்கு மாற்றிக்கொண்டார். தோற்ற பக்கத்தில் வாக்களித்தவர் மறுபரிசீலனை (அதாவது மறுபடி வாக்கெடுப்பு) கோர முடியாது, வென்ற பக்கத்தில் வாக்களித்தவர் மட்டுமே கோர முடியும் என்பது விதி. ஆகவே மசோதாவைக் கொண்டுவந்தவரே அதற்கு எதிராக வாக்களித்தவர்களின் பட்டியலில் இருக்கிறார். பெயர்ப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு ரீட் கட்சிக்குத் துரோகம் செய்தார் என்று எழுதியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

கேள்வி (யாழ்ப்பாண வாசகர்): 2009இல் ஒபாமாவுக்கு 60 இடங்கள் இருந்தனவே, அப்போதே இதைச் செய்திருக்கலாமே?

செய்தார். 2009 பிப்ரவரி 17 அன்று கையெழுத்தான 78,700 கோடி டாலர் ஊக்கச் சட்டம் அதுதான். அப்போது 60 இல்லை. ஸ்னோ, காலின்ஸ், ஸ்பெக்டர் ஆகிய மூன்று குடியரசுக் கட்சி செனட்டர்களின் துணையோடுதான் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையில் அக்கட்சியிலிருந்து ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. 60 என்ற எண்ணிக்கை 2009 ஜூலையில் ஜனநாயகக் கட்சியின் ஃபிராங்கன் பதவியேற்றபோதுதான் கைக்கு வந்தது. ஆகஸ்டில் அக்கட்சியின் செனட்டர் எட்வர்ட் கென்னடி இறந்தார். இடைக்கால உறுப்பினர் செப்டம்பர் இறுதியில் வந்தார். 2010 பிப்ரவரி தொடக்கத்தில், கென்னடியின் இடத்தை வென்ற குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன் பதவியேற்றதும் அது போய்விட்டது. அந்தச் சில மாதங்களையும் மருத்துவக் காப்பீட்டுச் சட்டமே தின்றுவிட்டது.

கேள்வி (துபாயிலிருந்து ஒருவர்): இந்த மசோதா வந்திருந்தால் எச்-1பி விசா எண்ணிக்கை மாறியிருக்குமா?

இந்த மசோதாவுக்கும் விசாவுக்கும் தொடர்பில்லை. குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைக் கேளுங்கள்.

கேள்வி (மதுரை, அரசுப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்): குடியரசுக் கட்சி எதையும் நடக்கவிடக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில் தடுத்தது என்று சொல்லலாமா?

அப்படி ஒரு வரியில் தேர்வில் எழுதாதீர்கள். அந்தக் கட்சிக்கு ஒரு வாதம் இருந்தது: 2009இல் அவ்வளவு பணத்தைக் கொட்டியும் 2011 ஆகஸ்டில் வேலையின்மை 9.1 விழுக்காடு, அந்த மாதம் நிகரமாக ஒரு வேலைகூடக் கூடவில்லை என்று அன்று வெளியான கணக்கு சொன்னது. ஆகவே கடனும் ஒழுங்குமுறை விதிகளும் வரி பற்றிய நிச்சயமின்மையும்தான் நோய், மேலும் செலவழிப்பது மருந்தல்ல என்றார்கள். (அந்தப் பூஜ்யம் பின்னர் மேல்நோக்கித் திருத்தப்பட்டது, ஆனால் அரசியல் முதல் எண்ணைக்கொண்டே நடந்து முடிந்துவிடும்.) அரசு எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற உச்சவரம்புச் சண்டை முடிந்து, நாட்டின் கடன் தரமதிப்பைக் குறைத்து ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

அதே நேரம் இரு தரப்பும் வாக்கைவிடக் காட்சியில் அக்கறை காட்டின என்பதற்கு என்னிடம் நிறையச் சான்று இருக்கிறது. ஒபாமா முதலில் கேட்ட நாள் செப்டம்பர் 7. அன்று குடியரசுக் கட்சி வேட்பாளர்களின் விவாதம் இருந்தது. பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர், குடியரசுக் கட்சியின் போனர், 8ஆம் தேதிக்கு மாற்றச் சொன்னார். பேச்சு முடிந்து மசோதாவை முறைப்படி அறிமுகப்படுத்த ஜனநாயகக் கட்சியினர் தாமதித்த இடைவெளியில், டெக்சாஸின் குடியரசுக் கட்சி உறுப்பினர் லூயி கோமெர்ட் அதே பெயரில் தாமே ஒரு சிறு மசோதாவைப் பிரதிநிதிகள் சபையில் தாக்கல் செய்துவிட்டார். அதன் உள்ளடக்கம் நிறுவன வருமான வரியை ஒழிப்பது. அக்டோபர் 4 அன்று, ஒபாமா எழுதிய வடிவத்தை அப்படியே உடனே வாக்கெடுப்புக்கு விடுங்கள் என்று செனட்டின் குடியரசுக் கட்சித் தலைவர் மெக்கானல் கோரினார், தடுத்தவர் ரீட். ஏனென்றால் அந்த வடிவத்துக்குச் சொந்தக் கட்சியிலேயே போதிய வாக்கு இல்லை. செலவை ஈடுகட்ட ஒபாமா வைத்த வரி வழிகளை எடுத்துவிட்டு, பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 5.6 விழுக்காடு கூடுதல் வரி என்று ரீட் மாற்றிய பிறகுதான் 11ஆம் தேதி வாக்கெடுப்பே வந்தது. அந்த வரியை எதிர்க்கட்சி ஒருநாளும் ஏற்காது என்பது அவருக்குத் தெரியாதா?

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): 50 பேர் ஆதரித்தும் எப்படித் தோல்வி?

மேலே மாணவிக்கு எழுதிய விடையைப் பாருங்கள்.

கேள்வி (இருவர், ஒருவருக்கொருவர் மறுமொழியாக): முதலாமவர், 60 வாக்கு விதி மட்டும் இல்லையென்றால் மசோதா சட்டமாகியிருக்கும் என்கிறார். இரண்டாமவர், பிரதிநிதிகள் சபை குடியரசுக் கட்சியின் கையில் இருந்ததால் விதியே பொருட்டல்ல என்கிறார். யார் சொல்வது சரி?

இந்த விவாதம் இங்கே இரண்டு நாளாக நடக்கிறது, மற்றவர்களின் கேள்விகள் அடியில் போய்விட்டன. இரண்டாமவர் சொல்வதில் பெரும் உண்மை இருக்கிறது. 2010 தேர்தலில் 63 இடங்களைக் கூடுதலாகப் பெற்ற கட்சி அந்த அவையை நடத்தியது. எந்த மசோதா அவைக்கு வரும் என்பதைத் தீர்மானிப்பது சபாநாயகரும் அவருடைய விதிக்குழுவும்தான். ஒபாமாவின் முழு மசோதா அங்கே வாக்கெடுப்புக்கே வரவில்லை. 218 கையெழுத்து திரட்டினால் சபாநாயகரை மீறி ஒரு மசோதாவை வெளியே இழுக்கலாம். அத்தனை கையெழுத்துக்கு ஆள் எங்கே?

ஆனால் இருவரும் பார்க்கத் தவறியது ஒன்று உண்டு. அன்று விவாதத்தைத் தொடங்கச் சம்மதித்த 51 பேரில் லீபர்மன், வெப், மான்சின் ஆகிய மூவரும், விவாதத்துக்குத்தான் ஆதரவு, மசோதாவை இப்போதுள்ள வடிவில் ஆதரிக்க மாட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்கள். 51இலிருந்து மூன்றைக் கழியுங்கள். 60 வாக்கு விதியே இல்லாத செனட்டிலும் அந்த மசோதா அதே வடிவத்தில் 48க்குத் தடுமாறியிருக்கும். 60 வாக்கு விதி அன்று சிறுபான்மைக்கு மட்டும் உதவவில்லை. ஆளும் கட்சியில் தயங்கியவர்கள் விவாதத்துக்கு ஆம் என்று சொல்லிவிட்டு, மசோதாவுக்கு ஆமா இல்லையா என்று சொல்லவேண்டிய நாளைத் தவிர்த்துக்கொள்ளவும் அதுவே உதவியது. முடக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வசதியைப் பற்றிப் பேசுவதில்லை.

அதன் பின் ரீட் மசோதாவைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்தார். அக்டோபர் 20 அன்று ஆசிரியர், காவலர், தீயணைப்பு வீரர்களுக்கான 3,500 கோடி: 50க்கு 50. நவம்பர் 3 அன்று சாலை, பாலங்களுக்கும் உள்கட்டமைப்பு வங்கி ஒன்றுக்கும் சேர்த்து 6,000 கோடி: 51க்கு 49. அதே நவம்பர் 3இல் குடியரசுக் கட்சியின் மாற்றுத் திட்டம் 47க்கு 53 என்று விழுந்தது. அக்டோபர் 20இலேயே, அரசு ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுக்கும் பணத்தில் 3 விழுக்காட்டைப் பிடித்துவைக்கும் விதியை நீக்கும் மெக்கானலின் மசோதா 57க்கு 43 என்ற ஆதரவோடும் தோற்றது. ஆம், 57. இந்த முறை 60 என்ற சுவருக்குப் பின்னால் நின்றவர்கள் ஜனநாயகக் கட்சியினர்; இழக்கும் வருவாய்க்கு ஈடாக எங்கே வெட்டுவது என்பதில்தான் அவர்களுக்குத் தகராறு.

மூன்றாவது நாளும் இதைத் தொடர வேண்டாம் என்று இருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (பெங்களூரு வாசகர்): ஒன்றுமே நிறைவேறவில்லையா?

யாருக்கும் வலிக்காத துண்டுகள் நிறைவேறின. அந்த 3 விழுக்காட்டு விதி நீக்கமே, இழக்கும் வருவாயை வேறு வழியில் ஈடுகட்டி, வேலையற்ற முன்னாள் படைவீரர்களை அமர்த்துவோருக்கான வரிச் சலுகையோடு சேர்த்துக் கட்டப்பட்டு, பிரதிநிதிகள் சபையில் 422க்கு 0 என்று வென்று, நவம்பர் 21 அன்று சட்டமானது. நீண்டநாள் வேலையின்றி இருந்த படைவீரருக்கு 5,600 டாலர் வரையும், பணியில் ஊனமுற்றவருக்கு 9,600 டாலர் வரையும் சலுகை. சம்பள வரிக் குறைப்பு கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் முன்பு இரண்டே மாதங்களுக்கு நீட்டிக்கப்பட்டு, பிப்ரவரியில் ஆண்டு முழுமைக்கும் நீண்டது. 50,000 டாலர் சம்பளக்காரருக்கு அது ஆண்டுக்கு 1,000 டாலர். 2012 ஏப்ரலில் ‘ஜாப்ஸ்’ சட்டம் என்று ஒன்றும் வந்தது. அது புதிய நிறுவனங்கள் மூலதனம் திரட்டுவதை எளிதாக்கும் பங்குச்சந்தைச் சட்டம். மசோதாவின் பெயரை நம்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): இந்திய நாடாளுமன்றத்தில் இப்படி நடக்குமா?

இதே வடிவத்தில் நடக்காது. இங்கே கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் 1985இன் கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி பதவியே போகலாம். நெல்சனும் டெஸ்டரும் தங்கள் அதிபரின் முதன்மை மசோதாவை எதிர்த்தும் மறுநாள் அதே இருக்கையில் உட்கார்ந்தார்கள். எது நல்லது என்பது வேறொரு நாளுக்கான கேள்வி.

கேள்வி (சேலம் வாசகர்): 50க்கு 49 என்றால் பெரும்பான்மைதானே ஐயா?

பெரும்பான்மைதான். எதன்மீது நடந்த வாக்கு என்று பாருங்கள் ஐயா. நான்காவது முறை இதற்கு விடை எழுத மாட்டேன்.

கேள்வி (சிங்கப்பூர், கட்டடப் பொறியாளர்): ஒபாமா ஏதோ ஒரு பாலத்தின் அருகே நின்று இந்த மசோதாவுக்காகப் பேசினாராமே, அந்தப் பாலம் என்னவாயிற்று?

எனக்குப் பிடித்த கேள்வி. அது ஒஹாயோ ஆற்றின் மேல் சின்சினாட்டியையும் கென்டக்கியின் கோவிங்டனையும் இணைக்கும் பிரென்ட் ஸ்பென்ஸ் பாலம். 2011 செப்டம்பர் 22 அன்று அவர் அங்கே போனதற்குக் காரணம் வெளிப்படை: ஒரு கரை போனரின் மாநிலம், மறுகரை மெக்கானலின் மாநிலம். 1963இல் திறந்த இரட்டைத் தட்டுப் பாலம். நாளுக்கு ஏறத்தாழ 80,000 வண்டிகளுக்காகக் கட்டியதில் அதைப்போல இரு மடங்கு ஓடிக்கொண்டிருந்தன. 1985இல் கூடுதல் தடம் வேண்டும் என்பதற்காக ஓர ஒதுங்கிடத்தை எடுத்துவிட்டார்கள்; வண்டி பழுதானால் ஒதுக்கி நிறுத்த இடமில்லை. பொறியாளர் என்பதால் உங்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஒபாமாவின் எதிராளிகள் அன்று சுட்டிக்காட்டியதுபோல, மசோதா மறுநாளே நிறைவேறியிருந்தாலும் அந்தப் பாலத்தில் உடனே ஓர் ஆணிகூட அடித்திருக்க முடியாது. வடிவமைப்பும் அனுமதிகளும் முடிய இன்னும் ஆண்டுகள் இருந்தன. உடனடி வேலைக்கான மசோதாவுக்கு அது பொருத்தமான பின்னணி இல்லை.

2020 நவம்பரில் அந்தப் பாலத்தில் லாரிகள் மோதித் தீப்பிடித்து ஆறு வாரம் போக்குவரத்து நின்றது. 2021இல் இதுபோன்ற பாலப் பணிகளுக்குப் பணம் ஒதுக்கிய உள்கட்டமைப்புச் சட்டம் செனட்டில் 69க்கு 30 என்று நிறைவேறியபோது ஆதரித்த 19 குடியரசுக் கட்சியினரில் மெக்கானலும் ஒருவர். இதைப் பார்த்துப் பகை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். பணக்காரர் மீதான கூடுதல் வரி அந்தச் சட்டத்தில் இல்லை. 2023 ஜனவரி 4 அன்று அதே ஆற்றங்கரையில், கோவிங்டன் பக்கம், அதிபர் பைடனும் மெக்கானலும் ஒன்றாக வந்து நின்றார்கள். பழைய பாலத்தை இடிக்கப்போவதில்லை. அதன் பக்கத்திலேயே இன்னொன்றைக் கட்டி, போக்குவரத்தைப் பிரித்துவிடுவதுதான் திட்டம்.