அத்தானிடம் மட்டும் ஏன் ஃபாலோ-அப் இல்லை?

கேள்வி: எனக்கு 26 வயது. ஊர் விருதுநகர் பக்கம். சென்னை துரைப்பாக்கத்தில் ஒற்றை அறை எடுத்துத் தனியாக இருக்கிறேன். மெடிக்கல் பில்லிங் கம்பெனியில் ஏ.ஆர். காலிங், அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் போனில் பாக்கி கேட்கும் வேலை; மாலை 6.30 முதல் அதிகாலை 3.30 வரை. நைட் ஷிஃப்ட் அலவன்ஸ் 3,300 சேர்த்துக் கையில் 33,500 ரூபாய் வருகிறது. கேப் என்னை இறக்கிவிடும்போது நாலரை ஆகிவிடும். எதிர்வீட்டு அக்கா கோலம் போட்டு முடிக்கும்வரை தூக்கம் வராமல் பணக் கணக்கையே நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன். வாடகையும் கரண்டும் 8,500, வீட்டுக்கு 6,000, சாப்பாடு 7,500, போன் அது இது என்று 2,500, கார்டுக்கு 6,000, ஸ்மால் கேப் ஃபண்டில் எஸ்.ஐ.பி. 2,000. சாப்பாட்டில் 2,500 ரூபாய் நடுராத்திரி ஆர்டர் செய்வதற்கே போகிறது. அதனால்தான் கையில் எதுவும் நிற்பதில்லை என்று நினைக்கிறேன்.

14 மாதம் முன்பு அத்தானின் (என் அக்கா கணவர்) ஜூஸ் கடைக்கு ஃப்ரீசர், மெஷின் எல்லாம் வாங்க என் கிரெடிட் கார்டில் 95,000 ரூபாய் தேய்த்தேன். முதல் இரண்டு மாதம் ஐயாயிரம் கொடுத்தார், அப்புறம் இல்லை. நான் ஒரு மாதம் கூடத் தவறாமல் மினிமம் ட்யூ (கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) கட்டுகிறேன். ஆனாலும் இப்போது பாக்கி 1,12,000 காட்டுகிறது. இப்போது கடையைப் பெரிதாக்க என் பெயரில் 2 லட்சம் பர்சனல் லோன் எடுத்துத் தரச் சொல்கிறார், ஈ.எம்.ஐ. அவரே கட்டுவாராம். அவர் போன் செய்வது எப்போதும் மத்தியானம் இரண்டு மணிக்கு. தூக்கக் கலக்கத்தில் 'சரி அத்தான்' என்று சொல்லிவிடுகிறேன். டீமில் ஒரு தோழி டிஜிட்டல் கோல்டில் தினமும் நூறு ரூபாய் போடச் சொல்கிறாள். இன்னொருவர் காலையில் தூங்காமல் 9.15-க்கு ஆப்ஷன் டிரேடிங் செய்கிறார், எனக்கும் சொல்லித்தருகிறேன் என்கிறார். என்னிடம் 2 பவுனில் ஒரு ஜோடி வளையல் இருக்கிறது. நான் எதில் ஆரம்பிக்கலாம்?

பதில்: நடுராத்திரிச் சாப்பாட்டை முதலில் விட்டுவிடுங்கள், அதாவது அதைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிடுங்கள். ஊர் தூங்கும் நேரத்தில் வேலை பார்க்கிற ஒரு பெண் சூடாக ஏதாவது வாங்கிச் சாப்பிடுவதால் யாரும் கடனாளி ஆவதில்லை. பட்ஜெட் போடுங்கள், அவசர நிதி வையுங்கள் என்றெல்லாம் நான் சொல்லப் போவதும் இல்லை. ரூபாய் வாரியாகக் கணக்கு எழுதி அனுப்பியிருக்கும் உங்களுக்கு அது தெரியும்.

உங்கள் பணத்தைத் தின்பது ஒரே ஒரு பழக்கம். அதை நீங்கள் கடிதத்தில் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள்: 'ஒரு மாதம் கூடத் தவறாமல் மினிமம் ட்யூ கட்டுகிறேன்.'

உங்கள் ஸ்டேட்மென்ட்டில் வட்டி மாதம் 3.6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான கார்டுகளில் அதை ஒட்டித்தான் இருக்கும். 1,12,000-க்கு ஒரு மாத வட்டி சுமார் 4,030. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., ஒரு 725. ஆக 4,750 ரூபாய். நீங்கள் கட்டும் ஆறாயிரத்தில் அசலுக்குப் போவது 1,250தான். வருடத்துக்குப் பார்த்தால் வட்டி 43 சதவீதம், ஜி.எஸ்.டி.யோடு ஐம்பதைத் தாண்டுகிறது. உங்கள் ஊரில் ஒருவர் நூற்றுக்கு மூன்றரை வட்டிக்குக் கொடுக்கிறார் என்றால் அந்தத் தெருப் பக்கமே போகாதே என்பார்கள். அதே வட்டியை ஒரு ஆப் அழகான எழுத்தில் காட்டினால் மாதா மாதம் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம்.

இன்னொன்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் கணக்கு சொல்கிறது. 95,000-இல் ஆரம்பித்த கடன். 14 மாதத்தில் 84,000 கட்டியிருக்கிறீர்கள். வட்டியும் வரியும் ஒரு அறுபதாயிரம் ஏறியிருக்கும். அப்படியானால் இன்று பாக்கி 71,000 அளவில் இருக்க வேண்டும். இருப்பதோ 1,12,000. நடுவில் இருக்கும் 41,000 நீங்கள் அதே கார்டில் மாதம் மூவாயிரம் மூவாயிரமாகத் தேய்த்தது. பழைய பாக்கியை முழுதாகக் கட்டாத கார்டில் வட்டியில்லாத நாட்கள் என்று எதுவும் கிடையாது; நேற்று வாங்கிய ஷாம்புவுக்கும் நேற்றிலிருந்தே வட்டி ஓடும். அதனால் இன்று முதல் அந்தக் கார்டைத் தொடாதீர்கள். போனில் எந்தெந்த ஆப்களில் அந்த நம்பரைச் சேமித்து வைத்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் நீக்குங்கள். அதிகாலை மூன்று மணிக்கு, வேலை முடியும் அலுப்பில், ஒரு விரல் தட்டலில் வாங்குகிற வசதி உங்களுக்கு வேண்டாம்.

எஸ்.ஐ.பி. விஷயத்துக்கு வருகிறேன். சொன்னால் வருத்தப்படுவீர்கள். 14 மாதத்தில் 28,000 போட்டிருப்பீர்கள். எல்லாம் நல்லபடியாகப் போய் 12 சதவீதம் கிடைத்திருந்தாலும் லாபம் இரண்டாயிரம் ரூபாய்தான் இருக்கும். அதே இரண்டாயிரத்தை மாதா மாதம் கார்டில் கூடுதலாகக் கட்டியிருந்தால் எட்டாயிரத்துக்கு மேல் வட்டி மிச்சமாகியிருக்கும். ஐம்பது சதவீதக் கடனை வைத்துக்கொண்டு பன்னிரண்டு சதவீதத்துக்கு ஆசைப்படுவதை 'எஸ்.ஐ.பி.யை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள்' என்று விளம்பரம் செய்பவர்கள் சேமிப்பு என்பார்கள். நான் சொல்ல மாட்டேன். எஸ்.ஐ.பி.யை நிறுத்துங்கள், இருப்பதையும் எடுத்துக் கார்டில் கட்டுங்கள். ஒரு வருடத்துக்குள் வாங்கிய யூனிட்டுகளுக்கு ஒரு சதவீதம் எக்ஸிட் லோடு, அதாவது வெளியேறும் கட்டணம், பிடிக்கலாம், போகட்டும்.

மீதி ஒரு 84, 85 ஆயிரம். இதற்குத்தான் வளையல். பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ நகைக்கடன் எடுங்கள். வட்டி வருடத்துக்கு ஒன்பது, பத்து சதவீதம் அளவில் இருக்கும். இன்றைய தங்க விலைக்கு இரண்டு பவுனில் 85,000 தாராளமாகக் கிடைக்கும். அதிகம் தருகிறோம் என்றாலும் வாங்காதீர்கள். மாத வட்டி சுமார் 700 ரூபாய், இப்போது 4,750. அதே ஆறாயிரத்தை மாதா மாதம் கட்டிவந்தால் பதினைந்து மாதத்தில் வளையல் கைக்கு வந்துவிடும். எஸ்.ஐ.பி.யில் மிச்சமாகும் இரண்டாயிரமும் கையில் நிற்கும் ஆயிரமும், இதுவரை கார்டில் தேய்த்துவந்த மூவாயிரம் ரூபாய்ச் செலவுக்குச் சரியாகப் போகும். எனவே கூடுதலாக எதையும் தியாகம் செய்யச் சொல்லவில்லை. பகுதி பகுதியாகக் கட்ட அனுமதிக்கும் கடனாகப் பார்த்து எடுங்கள். சில நகைக்கடன்களில் வருடக் கடைசியில் மொத்தமாகத்தான் கட்ட வேண்டும், அது உங்களுக்கு ஒத்துவராது. ஒரு வருடத்தில் முடிக்க வேண்டிய கடனாக இருந்தால் மீதித் தொகைக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். தெருமுனை அடகுக்கடை வேண்டாம்; நூற்றுக்கு இரண்டு வட்டி என்றாலே வருடத்துக்கு 24 ஆகிவிடுகிறது.

நகையை அடகு வைப்பதா என்று அம்மா வருத்தப்படுவார்கள். கார்டுக் கடன் அம்மாவின் கண்ணுக்குத் தெரியவில்லை என்ற ஒரே காரணத்தால்தான் அது கௌரவமாக இருக்கிறது. இரண்டு தொகையையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள், 4,750-ம் 700-ம். புரிந்துகொள்வார்கள்.

சரி, அத்தான்.

உங்கள் வேலை என்ன? தினமும் ராத்திரி அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போன் செய்து, இந்த கிளைம் ஏன் நிற்கிறது, பணம் எந்தத் தேதியில் வரும், யாரிடம் பேசினேன் என்று கேட்டு, நோட்ஸ் போட்டு, அடுத்த ஃபாலோ-அப் தேதி வைப்பது. கிளைமை மறுத்து டினையல் வந்தால் விடாமல் அப்பீல் போடுவது. பாக்கிகளை 30 நாள், 60 நாள், 90 நாள், 120-க்கு மேல் என்று பிரித்து, பழையதாக ஆக ஆகப் பணம் வருவது கடினம் என்று உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். அத்தானின் பாக்கி கடைசியாக வந்து ஒரு வருடம் ஆகிறது. ஆபீஸ் கணக்கில் இப்படி ஒன்று இருந்தால் டீம் லீடர் உங்களைச் சும்மா விடுவாரா? முன்பின் தெரியாத யாருக்கோ வர வேண்டிய டாலரை இவ்வளவு பொறுமையாக வசூல் செய்யத் தெரிந்த நீங்கள், உங்கள் 85,000-ஐ ஒருமுறை கூட வாய்விட்டுக் கேட்டதாக இந்தக் கடிதத்தில் இல்லை.

கேளுங்கள். சண்டை வேண்டாம். மத்தியானம் இரண்டு மணிப் போனை எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் போனை சைலன்டில் போட்டுத் தூங்குவது உங்கள் உடம்புக்கும் நல்லது. பகல் வேலைக்காரருக்கு அது ராத்திரி இரண்டு மணி மாதிரி, அந்த நேரத்தில் யாரும் கடனுக்குச் சரி சொல்லக்கூடாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன், நீங்களே கூப்பிடுங்கள். முதலில் உங்கள் அக்காவிடம் பேசுங்கள். 'கடைக்கு வாங்கினதில் இன்னும் 85,000 பாக்கி. மாதம் மூவாயிரம், ஐந்தாம் தேதி, என் அக்கவுன்ட்டில் போட்டுவிடச் சொல்' என்று தொகையும் தேதியும் வைத்துச் சொல்லுங்கள். பேசி முடித்ததும் அதையே வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவையுங்கள். ஐந்தாம் தேதி வராவிட்டால் ஆறாம் தேதி ஒரு போன். முழுதாக வரும் என்று நான் நம்பவில்லை. பாதி வந்தாலும் நகைக்கடன் சில மாதம் முன்னதாக முடியும். அதைவிட முக்கியம், பாக்கியைக் கேட்க ஆரம்பித்தவரிடம் புதுக் கடன் கேட்க யாருக்கும் வாய் வராது.

அந்த இரண்டு லட்சத்துக்கு வேண்டாம் என்பதுதான் பதில். 16 சதவீதத்தில் மூன்று வருடத்துக்கு எடுத்தால் ஈ.எம்.ஐ. சுமார் ஏழாயிரம். வங்கியின் தாளில் அத்தான் என்று ஒருவரே கிடையாது; தவறினால் போன் உங்களுக்கு வரும், சிபில் கெடுவதும் உங்களுக்கு. அவர் 5,000 ரூபாயையே இரண்டு மாதத்துக்கு மேல் கட்டவில்லை. கடை உண்மையிலேயே நன்றாக ஓடுகிறதென்றால் கடைக் கணக்கைக் காட்டி அவரே முத்ரா கடனுக்கு விண்ணப்பிக்கட்டும், அது சிறு வியாபாரத்துக்கென்றே இருக்கிறது. வங்கி அவருக்குத் தர மறுத்தால், வங்கிக்குத் தெரிந்த ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம்.

உங்கள் சம்பளத்தையும் நான் 30,200 என்றே எடுத்துக்கொள்வேன். அலவன்ஸ் 3,300 ஷிஃப்ட் இருக்கும்வரைதான். பகல் ஷிஃப்டுக்கு மாற்றினாலோ, உடம்பு முடியாமல் நீங்களே மாற்றிக் கேட்டாலோ அடுத்த மாதமே போய்விடும். அதை நம்பி எந்தத் தவணையிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

டிஜிட்டல் கோல்டு பற்றி இரண்டு வரி போதும். வாங்கும்போதே 3 சதவீதம் ஜி.எஸ்.டி., விற்கும்போது விலையில் இன்னொரு வெட்டு. இது எங்கள் கண்காணிப்பில் இல்லை, பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2025 நவம்பரில் எச்சரித்தது. ஆப்ஷன் நண்பருக்கு: 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளை செபி ஆராய்ந்ததில், எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் டிரேடிங்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருந்தார்கள். அவர்கள் ராத்திரி தூங்கி எழுந்து வந்தவர்கள். இவர் விடிய விடிய வேலை பார்த்துவிட்டு உட்காருகிறார்.

வங்கி வேலையை வெள்ளி ராத்திரி ஷிஃப்ட் முடிந்த சனிக்கிழமையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை வங்கி கிடையாது. நாலு மணி நேரமாவது தூங்கிவிட்டு பதினோரு மணிக்குப் போங்கள். ஆதார், பான், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டாளர் எழுதும் எடையை ரசீதில் பார்த்துவிட்டு, வளையலைத் தராசில் வைத்தபடியே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பணம் அக்கவுன்ட்டுக்கு வந்த அன்றே கார்டு கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் போன் செய்து, இன்றைய தேதிக்கு முழுசாக முடிக்க எவ்வளவு என்று கேட்டு, அந்தத் தொகையைக் கட்டுங்கள். அடுத்த ஸ்டேட்மென்ட்டில் சில நூறு ரூபாய் மிச்ச வட்டி வரும், பதறாமல் அதையும் கட்டிவிடுங்கள். கார்டை மூட வேண்டாம். அதே போன் காலில் லிமிட்டை 20,000 ஆகக் குறைக்கச் சொல்லுங்கள். அத்தான் அடுத்தமுறை கேட்கும்போது, கார்டில் அவ்வளவு லிமிட் இல்லை என்று பொய் சொல்லாமலே சொல்லலாம்.