நூலகருக்கு "உட்கார்ந்த வேலை" என்று பாதிச் சம்பளம் தருவது நியாயமா?

கேட்டவர் நூலகவியலில் முதுகலை முடித்தவர். ஒரு கல்லூரியில் ஒரே நூலகராகச் சேர அழைத்திருக்கிறார்கள். சம்பளம் ஆசிரியர்களுக்குத் தருவதில் பாதி. ஏன் என்று கேட்டால், "உங்களுக்கு வகுப்பு கிடையாதே, உட்கார்ந்த வேலைதானே" என்கிறார்களாம்.

நியாயமில்லை. இதோடு நிறுத்தியிருப்பேன், அந்த "உட்கார்ந்த வேலை" மட்டும் கண்ணில் படாமல் இருந்திருந்தால்.

நீங்கள் அநேகமாக முதல் வேலைக்குப் போகிறவர். பேரம் பேசினால் வேலை கைநழுவிவிடுமோ என்ற பயம் இருக்கும். எனக்கும் இருந்தது. நான் சேர்ந்த கல்லூரியில் (பெயர் எதற்கு, விடுங்கள்) நூலகத்துக்கு நான் ஒருத்திதான். காலையில் கதவைத் திறப்பதிலிருந்து மாலையில் பூட்டுவது வரை எல்லாம் நான். புத்தகம் கொடுப்பது, வாங்குவது, ஆர்டர் போடுவது, பில் சரிபார்ப்பது, இதழ்ச் சந்தாவைப் புதுப்பிப்பது எல்லாம் சரி, அது என் வேலை. "நீங்க ஃப்ரீதானே" என்று தேர்வு மேற்பார்வைக்கும் அனுப்புவார்கள். கல்லூரி இணையதளத்தில் விழாப் படங்களை ஏற்றுவதும் என் தலையில்தான். பக்கத்து அறைப் பிரிண்டருக்கு டோனர் மாற்றக்கூடக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு நாள் முதல்வர் கூப்பிட்டு, நூலகம் முழுவதையும் கணினிமயமாக்க வேண்டும் என்றார். "கோஹா இலவசம்தானாமே, லீவில் முடிச்சிடுங்க." கோஹா நியூசிலாந்தில் ஒரு நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு, 2000இல் பயன்பாட்டுக்கு வந்த கட்டற்ற மென்பொருள்; நூலகத்தின் புத்தகப் பட்டியலையும் இரவல் கணக்கையும் பார்த்துக்கொள்ளும். அருமையான மென்பொருள், அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மென்பொருள் இலவசம் என்றதும் அதில் புத்தகத்தை ஏற்றுகிறவளையும் இலவசக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

ஒரு புத்தகத்துக்கு என்னென்ன வேலை என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது, தெரிய நியாயமும் இல்லை. எடுத்துத் தூசி தட்டி, அக்ஸஷன் ரிஜிஸ்டரில் (வந்த புத்தகங்களை வரிசை எண் போட்டுப் பதியும் பேரேடு) உள்ள எண்ணும் புத்தகத்தில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். பழைய புத்தகம் என்றால் பாதி நேரம் ஒன்றாக இருக்காது. ஆசிரியர் பெயரை எந்த வடிவத்தில் பதிவது என்று முடிவுசெய்ய வேண்டும். ஒரே எழுத்தாளர் ஒரு நூலில் முதலெழுத்தோடு, இன்னொன்றில் ஊர்ப்பெயரோடு, மூன்றாவதில் வெறும் புனைபெயரில் இருப்பார். மூவரும் ஒருவரே என்று நூலகருக்குத் தெரிந்தால்தான் தேடுகிறவருக்கு எல்லா நூல்களும் ஓரிடத்தில் கிடைக்கும். பிறகு எந்த அடுக்கில் வைப்பது என்று காட்டும் பகுப்பெண், எதைப் பற்றிய நூல் என்று சொல்லும் பொருள் தலைப்பு, பார்கோடு, முதுகில் லேபிள், தேதிச் சீட்டு, திரும்ப அலமாரி. ஆங்கில நூல் என்றால் பெரிய நூலகங்களின் பதிவை அப்படியே இறக்கிக்கொள்ளலாம். தமிழ் நூலுக்குப் பெரும்பாலும் நாமேதான் தட்டச்சு செய்ய வேண்டும்.

ஒரு புத்தகத்துக்குப் பத்து நிமிடம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மணிக்கு 6. எழுந்திருக்காமல் 7 மணி நேரம் உட்கார்ந்தால் 42. பத்தாயிரம் புத்தகத்துக்கு 238 வேலை நாள் ஆகும். அதுவும் கவுண்டருக்கு ஒருவரும் வராமல் இருந்தால். இதைத் தாளில் எழுதிக்கொண்டுபோய்க் காட்டினேன். முதல்வர் பொறுமையாகப் படித்துவிட்டு, "ரங்கநாதன் என்னம்மா சொல்லியிருக்கார்? வாசகரின் நேரத்தைச் சேமிக்கணும்னுதானே?" என்றார்.

ஆமாம், சொன்னார். இந்திய நூலகவியலின் முன்னோடியான எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது அது. நூலகரின் நேரத்தை அள்ளி வீசச் சொல்லி ஆறாவது விதி ஒன்றும் அவர் எழுதவில்லை. அதே ரங்கநாதன் 1924இல் கணித ஆசிரியர் வேலையை விட்டுச் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர், சில வாரங்களிலேயே சலித்துப்போய், பழைய வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டவர். லண்டனுக்குப் போய் நூலகவியல் படித்துவிட்டு வந்த பிறகுதான் அந்தப் பேச்சை விட்டார். நூலகத்தில் வேலையே இல்லை என்று அவருக்கே தோன்றியிருக்கிறது, அந்த வேலை தெரியாதவரை.

கடைசியில் எனக்குத் தற்காலிகமாக ஓர் உதவியாளரைக் கொடுத்தார்கள். "வேலை பாதியாகிவிட்டதே" என்று அந்த ஆண்டு ஊதிய உயர்வை நிறுத்திவிட்டார்கள்!

இது ஒரு கல்லூரியின் கஞ்சத்தனம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஹார்வர்டு நூலகத்தின் தலைவரும் அமெரிக்க நூலகச் சங்கத்தின் முதல் தலைவருமான ஜஸ்டின் வின்சர், 1877இல் லண்டன் மாநாட்டில் பெண் நூலகர்களைப் பாராட்டிப் பேசினார். அவர்களுக்கு ஆகும் செலவுக்கு, அதே சம்பளத்தில் கிடைக்கும் ஆண்களைவிட எவ்வளவோ மேல் என்பதுதான் பாராட்டு. தொழிலின் தொடக்கத்திலேயே மலிவு என்பது தகுதியாகிவிட்டது. 2018இல் ஃபோபாசி எட்டார் என்ற அமெரிக்க நூலகர் இதன் இன்னொரு பக்கத்தை எழுதினார்: நூலகப் பணி புனிதமானது என்று சொல்லிச் சொல்லியே கூலியையும் ஓய்வையும் பற்றிப் பேசவிடாமல் செய்கிறார்கள் என்று. பேச்சுப் போட்டியில் நூலகம் கோயில், சம்பள நாளில் அது குடோன்.

இதற்குக் கீழே யாராவது வந்து, "எங்கள் நூலகர் நாள் முழுக்கச் செய்தித்தாள் படிக்கிறார்" என்று எழுதுவீர்கள். இருக்கலாம். ஆளே வராத நூலகங்களும் உண்டு, அங்கே நிலைமை வேறு. ஆசிரியர்கள் சும்மா இருக்கிறார்கள் என்றும் நான் சொல்லவில்லை. அதே அளவு படித்தவருக்கு அதே வளாகத்தில் ஏன் பாதி என்று மட்டும் கேட்கிறேன்.

வந்ததே வந்தேன், நன்கொடையாளர்களிடமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வீடு மாறும்போது பழைய புத்தகங்களை நூலகத்தில் கொண்டுவந்து கொட்டாதீர்கள். காலாவதியான நுழைவுத் தேர்வு வழிகாட்டி, அட்டை போன டைரி, கரையான் தின்ற கலைக்களஞ்சியத்தின் மூன்றாம் தொகுதி மட்டும். அதற்கு அலமாரியில் உங்கள் அப்பா பெயர் வேறு எழுத வேண்டும். ஒரு பெட்டியைத் திறந்தபோது உள்ளிருந்து வந்த பூச்சி பக்கத்து அடுக்கு வரை போய்விட்டது. எடைக்குப் போட மனசு வரவில்லை என்றால் அது உங்கள் பிரச்சினை, நூலகருடையது இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சம்பளத்தைப் பேசும் முன், பொறுப்புகளை எழுத்தில் கேளுங்கள். நூலகம் திறந்திருக்கும் நேரமும் உங்கள் பணி நேரமும் ஒன்றா, நீங்கள் விடுப்பெடுத்தால் யார் திறப்பார்கள், இந்த இரண்டையும் கேட்டாலே எத்தனை ஆள் வேலை என்று தெரிந்துவிடும். அப்புறம், தொலைந்த புத்தகங்களுக்கு யார் பொறுப்பு என்பதைக் கட்டாயம் பாருங்கள். மாணவர்கள் தாங்களே அலமாரியிலிருந்து எடுக்கும் நூலகத்தில் கொஞ்சம் தொலையத்தான் செய்யும். அதை உங்கள் சம்பளத்தில் பிடிப்போம் என்று ஒரு வரி இருந்தால், அந்த வரியை அடிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பொறுப்பேற்கும்போது ஸ்டாக் வெரிஃபிகேஷன், அதாவது பதிவேட்டில் உள்ள புத்தகமெல்லாம் அலமாரியில் இருக்கிறதா என்ற சரிபார்ப்பு, செய்யாமல் சாவியையும் வாங்காதீர்கள், உங்களுக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் தொலைந்ததெல்லாம் உங்கள் கணக்கில் ஏறிவிடும்.