டேக் ஒட்டினால் டிரே சுத்தமாகிவிடுமா?

கேள்வி: சேலத்தில் ஐம்பது படுக்கை உள்ள மருத்துவமனையில் ஸ்டெரிலைசேஷன் பிரிவை, அதாவது ஆபரேஷன் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஏற்காட்டில் இருக்கும் எங்கள் சிறு கிளினிக்குக்கும் வாரம் இரண்டு நாள் கருவி செட்களை டிரேயில் வைத்து அனுப்புகிறோம். மேலே போகும் டிரேக்களில் சில திரும்புவதே இல்லை. எந்த டிரே ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமியைக் கொல்லும் இயந்திரம்) எந்த லோடில் போனது என்று நோட்டைப் புரட்டியே பாதி நாள் ஓடுகிறது. ஒவ்வொரு கருவியிலும் ரேடியோ டேக் ஒட்டி, கதவில் ரீடர் மாட்டிவிட்டால் நோட்டே வேண்டாம் என்கிறார் ஒரு விற்பனையாளர். வாங்கலாமா? ஐசியூ எங்கள் அறைக்கு அடுத்தே இருக்கிறது. ரேடியோ அலையால் அங்கே ஏதாவது கோளாறு வருமா?

பதில்: டேக் வாங்கலாம். ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் வேண்டாம், கதவில் ரீடரும் வேண்டாம்.

அவர் விற்க நினைப்பது பெரும்பாலும் ஃபாஸ்டேக் வகைதான். ஓமலூர் சுங்கச்சாவடியில் கார் கண்ணாடியில் ரீடர் படிக்கிறதே, அதே இனம். டேக்குக்குள் பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே கொஞ்சம் சக்தியை எடுத்துக்கொண்டு தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். லாரி கடந்தது என்று சாவடிக்குத் தெரியும், உள்ளே இருப்பது மாம்பழமா ஜல்லியா என்பது தெரியாது. உங்கள் டிரேயும் அப்படித்தான். ரீடர் பக்கம் வந்தது என்று மட்டும் டேக் சொல்லும். கழுவினார்களா, நீராவி உள்ளே போனதா என்றெல்லாம் அதைக் கேட்க முடியாது.

கதவு ரீடர் வேண்டாம் என்பதற்குக் காரணம் நானே பட்ட அனுபவம். ஒரு மருத்துவமனையில் ஆட்டோகிளேவ் அறை நிலைக்கதவிலேயே ரீடர் மாட்டியிருந்தார்கள். கதவுக்கு வெளியே நாலடி தள்ளி, லோடுக்குக் காத்திருக்கும் டிரேக்களின் ரேக். காலை ஏழு மணிக்குத் திரையைப் பார்த்தால் வரிசையாகப் பச்சை, எல்லாம் 'முடிந்தது'. ஆட்டோகிளேவ் கதவில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. ரேக்கிலிருந்து ஒரு பேக்கை எடுத்துத் திருப்பினேன். ஆட்டோகிளேவுக்குள் போய் வந்தால் கறுக்க வேண்டிய இண்டிகேட்டர் டேப்பில் கோடுகள் கறுக்கவே இல்லை. ரேக்கில் உட்கார்ந்திருந்த டிரேக்களைக் கதவு ரீடர் எட்டிப் படித்து, உள்ளே போய் வந்ததாகக் கணக்கு எழுதியிருக்கிறது. ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர்கள் பேக்கைப் பிரிக்கும் முன் டேப்பைப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் என்பதால் தப்பித்தோம்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது 13.56 மெகாஹெர்ட்ஸ் டேக். இது சில சென்டிமீட்டர் தூரத்தில்தான் படிக்கும். விற்பனையாளர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். நமக்கு அதுதான் வசதி. ஒருவர் டிரேயைக் கையில் எடுத்து ரீடரில் காட்டினால்தான் பதிவு விழும், தானாக எதுவும் நடந்ததாக ஆகாது. இன்னொரு லாபமும் உண்டு. என்.எஃப்.சி. (தொட்டுக் காட்டிப் படிக்கும் வசதி) உள்ள சாதாரண போனே இந்த டேக்கைப் படிக்கும், ஏற்காட்டுக்குத் தனி ரீடர் வாங்க வேண்டியதில்லை. மேலே சிக்னல் போனாலும் போனில் சேமித்து, கிடைத்ததும் அனுப்புகிற மென்பொருளாகக் கேளுங்கள்.

எங்கெல்லாம் காட்ட வேண்டும்? கழுவும் தொட்டி, பேக்கிங் மேசை, லோடு ஏற்றும்போது, இறக்கும்போது, கடைசியாகத் தியேட்டரில் நோயாளியின் எண்ணோடு. இதில் இறக்கும் இடம்தான் முக்கியம். இயந்திரத்தின் பிரிண்ட் அவுட்டில் வெப்பமும் நேரமும் சரியாக இருந்து, உள்ளே வைத்த கெமிக்கல் இண்டிகேட்டரும் நிறம் மாறியிருப்பதைப் பார்த்து ஒருவர் தன் பெயரில் ஒப்புக்கொள்ளும் வரை 'முடிந்தது' என்று திரையில் வரவே கூடாது. இந்தப் பூட்டு இல்லாத மென்பொருளை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நோயாளியின் எண் எதற்கு என்று கேட்பார்கள். ஸ்போர் டெஸ்ட், அதாவது சாகக் கஷ்டமான கிருமி விதை உள்ள குப்பியை லோடோடு வைத்து, அது செத்ததா என்று பார்க்கும் சோதனை வைக்கிறீர்கள் இல்லையா? சாதாரண குப்பியை இன்குபேட்டரில் வைத்து முடிவு பார்க்க ஒன்றிரண்டு நாள் ஆகும். அதற்குள் அந்த லோடு டிரேக்கள் பாதி தியேட்டருக்குப் போய்விட்டிருக்கும். குப்பி நிறம் மாறினால் கிருமி சாகவில்லை என்று அர்த்தம்; அப்போது அந்த லோடில் இருந்தவை எவை, யாருக்குப் பயன்பட்டன, எவை இன்னும் அலமாரியில் இருக்கின்றன என்று உடனே தெரிந்தாக வேண்டும். நோட்டில் இது ஒரு நாள் வேலை, டேக் இருந்தால் சில நிமிடம். டேக்குக்குக் கொடுக்கும் பணம் இந்த ஒரு வேலைக்கே தகும். டேக்குக்குள் வெறும் எண் மட்டும் இருக்கட்டும், நோயாளி விவரம் எதுவும் அதில் எழுத வேண்டாம்.

கருவிக்குக் கருவி ஒட்டுவதை ஏன் வேண்டாம் என்கிறேன்? ஆர்ட்டரி ஃபோர்செப்ஸின் (ரத்தக் குழாயைப் பிடிக்கும் இடுக்கி) கைப்பிடியில் ஒரு சின்ன டேக்கைப் பசை வைத்து ஒட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். டேக்குக்கும் எஃகுக்கும் நடுவே மயிரிழை இடுக்கு விழும். ரத்தம் அங்கே போய்க் காயும், பிரஷ் அங்கே நுழையாது. சுத்தத்தைக் கண்காணிக்க ஒட்டியதே அழுக்கு தங்கும் இடமாகிவிடும். பத்து தடவை ஆட்டோகிளேவ் ஆனபின் பசை இளகி, டேக் எங்கே விழுந்தது என்று தேடுகிற நிலையும் வரும். தியேட்டரில் அப்படித் தேடுவதை நினைத்தாலே வயிறு கலங்குகிறது. டேக் டிரேயில் இருக்கட்டும், ரிவிட் அடித்தோ கம்பியில் கோத்தோ. கருவிகளுக்கு எண்ணிக்கைச் சீட்டு போதும்.

எஃகு இன்னொரு விதத்திலும் தொல்லை. உலோகம் ரேடியோ அலையைக் கெடுக்கும். எவர்சில்வர் டிரேமேல் சாதாரண ஸ்டிக்கர் டேக்கை ஒட்டினால் ஊமையாகிவிடும். உலோகத்தின்மேல் வைக்கவென்றே செய்தது, 134 டிகிரி நீராவியை நூற்றுக்கணக்கான தடவை தாங்கும் என்று எழுத்தில் கொடுத்தது, இரண்டும் சேர்ந்த டேக்காகக் கேளுங்கள். எவர்சில்வருக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு இதில் ஏமாறக் கூடாது! அப்புறம், போர்வெல் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்றால் கருவிமேல் படியும் வெள்ளைப் பூச்சை எந்த டேக்கும் சொல்லாது. கடைசி அலசலுக்கும் ஆட்டோகிளேவுக்கும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள்.

ஐசியூ பற்றிய பயம் நியாயமானதுதான். 2008இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் ஐசியூவில் பயன்படும் 41 கருவிகளின் பக்கத்தில் ரீடர்களை வைத்து 123 சோதனை செய்தார்கள். 34 தடவை கோளாறு வந்தது, அதில் 22 ஆபத்தானவை. கோளாறு வந்த தூரத்தின் நடு அளவு 30 சென்டிமீட்டர், ஒன்றிரண்டு ஆறு மீட்டர் வரைகூட. அதிகக் கோளாறு கொடுத்தது 868 மெகாஹெர்ட்ஸ் ரீடர், அதாவது ஃபாஸ்டேக் வகையைச் சேர்ந்தது. கதவு ரீடரை நான் தள்ளுவதற்கு இது இரண்டாவது காரணம். 13.56 ரீடரையும் ஐசியூவுக்குள் கொண்டுபோகாதீர்கள். ஐசியூவை ஒட்டிய சுவரில் மாட்டாமல் எதிர்ப்பக்க மேசையில் வையுங்கள்.

இனி ஏற்காடு. டிரே தொலைவது சுலபமாகத் தீரும்: வண்டியில் ஏறும்போது ஒரு காட்டு, மேலே இறங்கும்போது ஒரு காட்டு, திரும்பும்போதும் அதே. யார் கையில் கடைசியாக இருந்தது என்று தெரிந்தாலே பாதி டிரே வீடு திரும்பிவிடும். ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவிலும் பெட்டிக்குள் டிரே உருண்டு பேக் கிழிந்ததையும், பனியில் பேக் ஈரமானதையும் டேக் கவனிக்காது. மூடியுள்ள கெட்டிப் பெட்டியில் அனுப்புங்கள். மேலே பிரிக்கும் முன் ஈரமா, கிழிசலா என்று ஒரு கண் பார்க்கட்டும். ஈரமானது ஸ்டெரைல் இல்லை.

மேலே குக்கர் மாதிரி ஒரு சின்ன ஆட்டோகிளேவ் வைத்திருந்தால் இதையும் பாருங்கள். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், தண்ணீர் அங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கருவியைக் கொதிக்க வைத்து எடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். சேலத்தில் அழுத்த முள் 15 பவுண்டு காட்டினால் உள்ளே 121 டிகிரி. ஏற்காட்டில் அதே 15 பவுண்டுக்கு 118 டிகிரிதான் கிடைக்கும், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால். ஆயிரம் அடிக்கு அரை பவுண்டு கூட்ட வேண்டும் என்பது கணக்கு, அங்கே இரண்டரை பவுண்டு. வால்வை நீங்களே திருகாதீர்கள், கம்பெனி ஆளை வரச் சொல்லுங்கள். முள்ளை நம்பாமல் வெப்பமானியைப் பாருங்கள். அந்த லோடு ஒவ்வொன்றிலும் இண்டிகேட்டர் வையுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எண்டோஸ்கோப் (உடலுக்குள் விட்டுப் பார்க்கும் கேமரா குழாய்) இருந்தால் முதல் டேக் அதன் டிரேக்குத்தான். நோயாளியிடமிருந்து எடுத்த நேரமும் தொட்டிக்கு வந்த நேரமும் பதிவானால், ஒரு மணி நேரத்துக்கு மேல் காய்ந்துகிடந்தது எது என்று உடனே தெரியும். காய்ந்துபோன ஸ்கோப்பை வழக்கம்போலப் பிரஷ் போட்டால் போதாது, தயாரிப்பாளர் சொல்லும் நேரம் என்சைம் கரைசலில் ஊற வேண்டும்.

பணம் கட்டும் முன் விற்பனையாளரைப் பத்து டேக்கோடு வரச் சொல்லுங்கள். காட்சிக்குக் கொண்டுவரும் பிளாஸ்டிக் டப்பாவில் வேண்டாம், உங்கள் டிரேயில் உங்கள் கருவிகளை நிரப்பி, கழுவிய ஈரத்தோடே காட்டட்டும். அந்தப் பத்தையும் ஒரு மாதம் தினசரி லோடில் ஓட்டுங்கள். நோட்டையும் கூடவே எழுதுங்கள். மாதக் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப்பாருங்கள். நோட்டில் இருந்து திரையில் இல்லாத டிரே ஒன்று இருந்தாலும், ஏன் என்று அவர் பதில் சொன்ன பிறகே செக்கில் கையெழுத்துப் போடுங்கள்.