போர்மேன் போயிட்டா லைனை யாரு பாக்கறது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு மின் பிரிவு ஆபீஸ்ல உதவிப் பொறியாளரா சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகுது சார். எங்க போர்மேன் அண்ணன் செப்டம்பரோட ரிட்டயர்டு. முப்பது வருஷமா இதே மலையில லைன் பாத்தவர், எந்தக் கம்பம் எந்த எஸ்டேட்டுக்குள்ள நிக்குது, எந்த வழியா ஏறணும் எல்லாம் அவர் மண்டையிலதான் இருக்கு. ஒரு நோட்டு வாங்கிக் குடுத்து எழுதுங்கண்ணானு சொன்னேன், ஒரு மாசம் கழிச்சு பாத்தா மூணு பக்கம், அதுலயும் ஒரு பக்கம் போன் நம்பர். என்ன பண்றது?
- ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: நோட்டு குடுத்ததுதான் தப்பு தம்பி. தனக்கு என்னென்ன தெரியும்னு அவருக்கே தெரியாதே, கம்பத்தடியில நின்னாத்தான் ஞாபகம் வரும். (போன் நம்பர் பக்கத்தைக் கிழிச்சிடாதீங்க, பாதி சொத்து அதுதான்.) வாரத்துல ரெண்டு நாள் ஒரு ஃபீடரை (சப்ஸ்டேஷன்ல இருந்து கிளம்பற ஒரு மெயின் லைனை) எடுத்துக்கிட்டு அவரோட நடங்க, ஜீப்புல இல்ல, நடந்து. புது ஒயர்மேனையும் கேங்மேனையும் கூட்டிக்கங்க, ஏன்னா நீங்க நாளைக்கே டிரான்ஸ்ஃபர்ல ஈரோடு போயிடுவீங்க, இங்க கிடக்கப்போறது அவங்கதான். பேச்சைப் போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, ஏபி ஸ்விட்ச் (கம்பத்துல லைனைத் துண்டிக்கற ஸ்விட்ச்) இருக்கற இடத்துக்கெல்லாம் லொகேஷன் போட்டு வைங்க.

"இந்த லைன்ல என்ன பிரச்சனை"னு கேட்டா "ஒண்ணுமில்ல சார், நல்ல லைன்தான்"னு முடிச்சிடுவார். "கடைசியா இங்க எப்பண்ணா கம்பி அறுந்துச்சு, அன்னைக்கு எப்படி ஏறினீங்க"னு கேட்டுப் பாருங்க, 2009 நவம்பர்ல கேத்தி, குன்னூர் பக்கம் மண் சரிஞ்ச கதையில ஆரம்பிச்சு எந்தக் கற்பூர மரம் காத்துக்கு லைன் மேல சாயும், எந்த டீ ஃபேக்டரி வாட்ச்மேன் ராத்திரியில கேட்டைத் திறப்பாருங்கற வரைக்கும் வந்துடும். குந்தா பக்கத்துக்கு ஆடி மழைனா உங்களுக்கு ஐப்பசி மழை, அவர் போறதோ அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, அதனால சரிவுல போற லைனையெல்லாம் முதல்ல முடிச்சிடுங்க.

இப்ப இருந்தே ஃபால்ட் வந்தா அவரை முன்னாடி விடாதீங்க. சின்னப் பசங்க தேடட்டும், அவர் டீ குடிச்சிக்கிட்டு பாத்துக்கிட்டு நிக்கட்டும். ஒரு மணி நேர வேலை மூணு மணி நேரம் ஆகும், போன்ல திட்டு விழும், வாங்கிக்கங்க.

ஒண்ணே ஒண்ணுல மட்டும் அவர் பேச்சை நம்பாதீங்க. "இதுல கரண்ட் வராது, எனக்குத் தெரியும்"னு பழைய ஆளுங்க சொல்வாங்க பாருங்க, அது. அவங்க வேலைக்குச் சேர்ந்தப்ப இத்தனை ரிசார்ட்டும் ஜெனரேட்டரும் கிடையாது. சேஞ்ச் ஓவர் (போர்டு கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் ஒண்ணா சேராம மாத்தி விடற ஸ்விட்ச்) ஒழுங்கா போடாத ஒரு ஜெனரேட்டர் போதும், நிறுத்தின லைன்ல திருப்பி ஏறி, டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டினா 11 கே.வி., அதாவது பதினோராயிரம் வோல்ட் ஆயிடும். லைன் கிளியர் (லைனை நிறுத்தியாச்சு, வேலை செய்யலாம்ங்கற அனுமதி) வாங்கி, டெஸ்ட் பண்ணி, ரெண்டு பக்கமும் எர்த் ராடு (லைனைத் தரையோட இணைக்கறது) மாட்டாம எவனும் கம்பத்துல ஏறக்கூடாது, அவரே சொன்னாலும் சரி. ஆனா எங்கெங்க ஜெனரேட்டர் இருக்குனு அவருக்கு நல்லாத் தெரியும். அந்த லிஸ்டை மட்டும் நோட்டுல எழுதி வாங்கிடுங்க, நாலாவது பக்கம் காலியாத்தானே இருக்கு.