வீட்டில் அறுத்த பலகை வெடிப்பது ஏன்?

கேள்வி: காற்றில் சாய்ந்த சில்வர் ஓக் மரத்தை செயின் சா வைத்துப் பலகையாக அறுத்து, சுவரில் சாய்த்து வைத்தோம். முனைகள் வெடித்து, பலகையும் முறுக்கிக்கொண்டது. மேசை செய்ய முடியுமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: தாராளமாக முடியும் அம்மா. மரத்தின் மேல் குறையில்லை. பச்சைப் பலகையின் ஈரம் முனைகளில்தான் வேகமாக வெளியேறும்; முனை சுருங்க, நடுப்பகுதி சுருங்காமல் நிற்க, வெடிப்பு விழுகிறது. வெடித்ததை வெட்டிவிட்டு, முனைகளில் உருக்கிய மெழுகையோ பழைய பெயின்ட்டையோ கனமாகப் பூசுங்கள்.

அப்புறம், சாய்த்து வைக்கவே வைக்காதீர்கள். மட்டமான தரையில் செங்கல் வைத்து, பலகைகளைப் படுக்கையாக அடுக்குங்கள். ஒவ்வொரு பலகைக்கும் இடையில் ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஒரு அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்). மேலிருந்து கீழ்வரை ரீப்பர்கள் ஒரே நேராக நிற்க வேண்டும். ஒன்று விலகினாலும் அந்த இடத்தில் பலகை தொய்ந்துவிடும். உச்சியில் கல் பாரம். கூரை போதும், பக்கம் திறந்திருக்கட்டும்.

பலகை காய, அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பார்கள். நம் மலை மூட்டத்தில் இன்னும் கூடலாம். முறுக்கிய பலகையைக் குட்டையாக வெட்டி இழைத்தால் கோணல் குறையும், மரமும் வீணாகாது. இழைக்கும்போது முகக்கவசம், முழுக்கைச் சட்டை அவசியம். இந்த மரத்தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும்.