முதுகு ஆபரேஷன் பயம்: தியேட்டர் நர்ஸ் அக்காவிடம் கேளுங்கள்

தர்மபுரிப் பக்கம் ஆபரேஷன் தியேட்டரில் 28 வருஷம் நர்ஸா இருந்தேன். ரிட்டையர் ஆன மறுவருஷம் எனக்கே எல்4-எல்5 டிஸ்க் (கீழ் முதுகெலும்புகளுக்கு நடுவுல இருக்கற மெத்தை) ஆபரேஷன். நான் டாக்டர் இல்ல, ஸ்கேன் படம் அனுப்பாதீங்க. பயத்தைப் பத்திக் கேளுங்க.

பாலக்கோடு: அக்கா, எனக்கு எல்5-எஸ்1 டிஸ்க். முதுகுல கத்தி வெச்சா கால் விழுந்துடும்னு ஊரே சொல்லுது.

அந்தப் பேச்சு எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும் தம்பி. நம்ம பக்கம் புளி உலுக்கறப்போ மரத்துலருந்து விழுவாங்க. அந்த அடி பெரும்பாலும் நடு முதுகுக்குக் கீழே இருக்கற டி12, எல்1 எலும்புலதான் இறங்கும். தண்டுவடம் அங்கேயே இருக்கு, நசுங்கிடும். கால் மரத்தடியிலேயே போயிருக்கும். அப்புறம் ஆபரேஷன் நடக்கும், ஊர் கணக்கு ஆபரேஷன்லருந்து ஆரம்பிக்கும்.

பெரியவங்களுக்குத் தண்டுவடம் எல்1-எல்2 கிட்டயே முடிஞ்சிடுது. அதுக்குக் கீழே நரம்புக் கொத்துதான். உங்க டிஸ்க் இன்னும் கீழே. ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேன். நரம்புல அடிபடலாம், சீழ் பிடிக்கலாம், நரம்பைச் சுத்தியிருக்கிற உறை கிழியலாம். 'எனக்கு இதுல எது நடக்க வாய்ப்பு, நடந்தா என்ன பண்ணுவீங்க'ன்னு டாக்டர்கிட்டயே கேளுங்க. கேட்டா கோவிச்சுக்குவாருன்னு நினைக்காதீங்க.

காரிமங்கலம்: பாதியில மயக்கம் தெளிஞ்சுட்டா?

ரொம்ப ரொம்ப அபூர்வம். மயக்க டாக்டர் கடைசி வரைக்கும் தலைமாட்டுல நிப்பார். முழிச்சதும் தொண்டை கரகரக்கும், அது மூச்சுக்குழாய் போட்டதால. யூரின் டியூபும் இருக்கலாம். தெரியாம கண்ணு முழிச்சாதான் அதெல்லாம் பயமுறுத்தும். இன்னொண்ணு, சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் எழுதிக் கொடுங்க, நாட்டு மருந்து உட்பட. ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையை நீங்களா நிறுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது.

பென்னாகரம்: தாலியைக் கழட்டச் சொல்றாங்க. வலியைவிட அதுதான் மனசை அறுக்குது.

இதைக் கேட்கத்தான் காத்திருந்தேன். ரத்தக்கசிவை நிறுத்தறது கரண்டுல ஓடற கருவி. உடம்புல உலோகம் இருந்தா அந்த இடம் சுட்டுடலாம். குப்புறப் படுக்க வெச்சு மணிக்கணக்கா செய்யறது, சங்கிலி நெஞ்சுல அழுத்தும். நான் இருந்த தியேட்டர்ல பொன்னை மட்டும் கழட்டி, வெறும் மஞ்சள் கயிறோட உள்ள விடுவோம். உங்க ஆஸ்பத்திரியிலயும் கேட்டுப் பாருங்க.

என் முறை வந்தப்போ தாலிக்கு அழல. மெட்டிக்கு அழுதேன். முப்பது வருஷம் கழட்டாதது, சோப்பு நுரை போட்டு உருவினாங்க. விரல்ல வெள்ளையா ஒரு பள்ளம். அப்புறம் ஸ்ட்ரெச்சர்ல மல்லாக்கப் படுத்துப் போறேன், கூரையில டியூப்லைட் ஒவ்வொண்ணா தலைக்குப் பின்னாடி ஓடுது. அதே வராண்டாவுல எத்தனையோ பேரைத் தள்ளிட்டுப் போயிருக்கேன், ஒரு நாளும் அண்ணாந்து பார்த்ததில்ல. ஒன்பது லைட். எண்ணி முடிக்கறதுக்குள்ள கதவு வந்துடுச்சு. உள்ளே குளிரும், நடுங்கினா பயம்னு நினைக்காதீங்க, போர்வை கேளுங்க.

தொப்பூர்: கால் விழுந்துடுமா?

பாலக்கோடு தம்பிக்கு எழுதினதைப் படிங்க.

கிருஷ்ணகிரி: அப்பாவுக்கு 66. பயந்த சுபாவம். 'ஊசி போடத்தான்'னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிடலாமா?

கூடாது. சம்மதக் கையெழுத்து அவரோடது. முழிச்சுப் பார்த்தா முதுகுல தையல், கூட இருந்தவங்க எல்லாம் பொய் சொன்னவங்க. அந்த நிலையில பிசியோதெரபிக்குக் கூப்பிட்டா எழுந்து வருவாரா?

ஊத்தங்கரை: சொன்னதால எங்கம்மா மூணு நாள் சாப்பிடல அக்கா. சொல்லாம இருந்திருக்கலாம்.

என்ன சொன்னீங்க? 'ஆபரேஷன்'ங்கற ஒரே சொல்லைப் போட்டுட்டு எல்லாரும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்களா? எந்த நாள், எத்தனை மணி நேரம், என்னிக்கு நடக்க வைப்பாங்க, ராத்திரி யார் கூட இருப்பாங்க, இதெல்லாம் சொன்னீங்களா?

ஓசூர்: குறுக்கிடறதுக்கு மன்னிக்கணும். எங்க மாமாவுக்குச் சொல்லாமத்தான் செஞ்சோம். நல்லாத்தான் நடக்கறார்.

உங்ககிட்ட பேசறாரா?

ஓசூர்: ...ஒரு வருஷமா இல்ல.

அரூர்: பயத்துல பீடி கூடிப்போச்சு. முதுகெலும்புல ஸ்க்ரூ வெக்கப் போறாங்க.

பீடியை விடுங்க. அதுல இருக்கற நிகோடின் எலும்பு சேர்றதைக் கெடுக்கும். டாக்டர்கிட்ட எத்தனைன்னு மறைக்காம சொல்லுங்க.

மொரப்பூர்: அக்கா, கால் விழுந்துடுமா?

மேலே.

நல்லம்பள்ளி: நேத்துலருந்து யூரின் சரியா போகல, உட்கார்ற இடம் மரத்துப்போச்சு. பயமா இருக்கு, ஆபரேஷனை அடுத்த மாசம் தள்ளலாமா?

இதைப் படிக்கறதை நிறுத்துங்க. 108-ஐக் கூப்பிட்டு இப்பவே கிளம்புங்க. இது காத்திருக்கற விஷயமில்ல. போய்ச் சேர்ந்ததும் எழுதுங்க.

கிருஷ்ணகிரி: அக்கா, அப்பாகிட்ட சொல்லிட்டேன். 'டாக்டர் பேசினப்பவே புரிஞ்சுது, மாங்கா சீசன் முடியட்டும்னு இருந்தேன்'ங்கறார்.

மாத்திரை லிஸ்டை அவரையே எழுதச் சொல்லுங்க.