உணவுக் குறிப்பேடு: மதுரை வட்டாரத்துக் கேள்விகளும் என் பதில்களும்

எடையைக் குறைப்பதற்காக உண்பதை எழுதி வைப்பது பற்றிக் கேட்கலாம் என்று அறிவித்திருந்தேன். நான் உணவு ஆலோசகர், மருத்துவர் அல்ல. மாத்திரை, ஊசி பற்றிய கேள்விகளை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

திருமங்கலம், இல்லத்தரசி: சாப்பிடுவதை எழுதச் சொல்கிறார்கள். எனக்குக் கலோரிக் கணக்கு தெரியாது, அம்மா. எதை எழுதுவது?

தெரியாமல் இருப்பதே தொடக்கத்துக்கு நல்லது. நேரம், பண்டம், அளவு, அப்போது பசித்ததா என்ற நான்கும் போதும். அளவை உங்கள் வீட்டுக் கரண்டியிலும் டம்ளரிலுமே எழுதுங்கள். ஆனால் தினமும் அதே கரண்டியாக இருக்க வேண்டும். ஒரு வரி இப்படி இருக்கலாம்: "மதியம் 1.40. சோறு மூன்று கரண்டி, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு இரண்டு கரண்டி, அப்பளம் இரண்டு. பையன் தட்டில் மிச்சம் வைத்த உருளைக்கிழங்கு வறுவல் ஒரு கை; பசி இல்லை." இதில் எனக்கு வேண்டியது கடைசிப் பகுதிதான். வீணாகிவிடுமே என்று வாயில் போட்டுக்கொள்வதை எந்தத் தாயும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்தது எண்ணெய். குழம்பில் எத்தனை கரண்டி எண்ணெய் என்று தினமும் அளக்க வேண்டாம். மாதத்துக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று மட்டும் பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் தீர்ந்தால், ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 42 மில்லி, அதாவது 38 கிராம். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி என்பதால், எண்ணெயில் மட்டும் 340 கலோரி உள்ளே போகிறது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2000 கலோரி உணவுக்கு எண்ணெயும் நெய்யும் சேர்த்து 27 கிராம்தான் வைத்திருக்கிறது.

செல்லூர், ஓய்வு பெற்றவர்: இரவு படுக்கும் முன் மொத்தமாக எழுதினால் போதாதா?

போதாது. கை கழுவியவுடன் எழுதுங்கள். முடிந்தால் உண்பதற்கு முன்பே எழுதுங்கள். எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று முறையிட்ட சிலருடைய உண்மையான உணவை அமெரிக்காவில் அளந்து பார்த்து, 1992-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உண்டதில் சராசரியாக 47 சதவீதத்தை அவர்கள் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். உடல் உழைப்பையோ 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய்யர்கள் என்று நான் நினைக்கவில்லை. இலையில் உட்கார்ந்து உண்டது நினைவில் நிற்கும். நின்றுகொண்டு கொறித்தது நிற்காது. இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்ட தேநீரை நாளைக்கு ஐந்து முறை குடித்தால், சர்க்கரையில் மட்டுமே ஏறத்தாழ 200 கலோரி. இரவில் எழுதுகிறவர் குறிப்பேட்டில் இரண்டு தேநீருக்கு மேல் நான் கண்டதில்லை.

அண்ணா நகர்: ஓர் இட்லிக்கு எத்தனை கலோரி?

உங்கள் வீட்டு இட்லித் தட்டின் குழியைப் பொறுத்தது. இட்லிகளின் எண்ணிக்கையையும், தொட்டுக்கொண்ட சட்னிகளையும் எழுதுங்கள். நான்கு வகைச் சட்னி வைக்கும் ஊரில் இட்லியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

கே.கே. நகர்: எழுதினால் மட்டும் எடை குறைந்துவிடுமா?

ஏறத்தாழ 1,700 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2008-இல் வெளிவந்த ஆய்வில், நாள்தோறும் எழுதியவர்களுக்கு, எழுதாதவர்களைவிட இரு மடங்கு எடை குறைந்திருந்தது. எழுதியதால் குறைந்ததா, குறைத்தே தீருவது என்று இருந்தவர்கள்தான் எழுதவும் செய்தார்களா என்பதை அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. இருந்தாலும், எழுத வேண்டுமே என்ற எண்ணமே இரண்டாவது வடையிலிருந்து கையைப் பின்னிழுப்பதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

மாட்டுத்தாவணி, காய்கறிச் சந்தையில் இரவு வேலை: இரவு ஒரு மணிக்குச் சாப்பிடும் பரோட்டாவை எந்தத் தேதியில் எழுதுவது?

தூங்கி எழுந்த நேரத்திலிருந்து உங்கள் நாள் தொடங்குகிறது. மீண்டும் தூங்கப் போகும் வரை உண்டதெல்லாம் அந்த ஒரே நாளின் கணக்கு. சால்னாவை எத்தனை முறை ஊற்றச் சொன்னீர்கள் என்பதையும் எழுதுங்கள். எல்லோரும் மைதாவைத் திட்டுகிறார்கள். நீங்கள் எண்ணெயையும் பாருங்கள்.

ஆரப்பாளையம், பரோட்டா மாஸ்டர்: எண்ணெயைச் சொல்வது அநியாயம், அம்மா. அது கல்லோடு நின்றுவிடும். பரோட்டாவுக்குள் ஒரு தேக்கரண்டிகூடப் போகாது.

மாஸ்டர், உங்கள் தொழிலை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிசையும்போது எண்ணெய் விடுகிறீர்கள், உருண்டைகளை எண்ணெய் தடவி ஊற வைக்கிறீர்கள், வீசுவதற்கு முன் பலகையில் எண்ணெய் பூசுகிறீர்கள், பிறகு கல்லிலும் ஊற்றுகிறீர்கள். நான்கு இடத்தில் விட்டதில் கடைசி இடத்தை மட்டும் கணக்குச் சொன்னால் எப்படி? நூறு பரோட்டாவுக்கு மொத்தம் எவ்வளவு எண்ணெய் ஆகிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

அதே மாஸ்டர்: ஒரு லிட்டர் ஆகும். உருண்டை 70 கிராம்.

நன்றி. ஒரு பரோட்டாவுக்கு 10 மில்லி, அதாவது இரண்டு தேக்கரண்டி. கல்லில் கொஞ்சம் தங்கும் என்று உங்கள் பக்கமே வைத்துக்கொண்டாலும், 70 முதல் 80 கலோரி எண்ணெயிலிருந்து வருகிறது. 70 கிராம் உருண்டையில் தண்ணீர் போக மைதா 45 கிராம் இருந்தால், அது ஏறக்குறைய 160. ஆகச் சால்னா சேராமலே இரண்டு பரோட்டாவுக்கு 460 கலோரிக்கு மேல். சாப்பிடக் கூடாது என்று நான் சொல்லவில்லை, மாஸ்டர். எழுதாமல் சாப்பிடக் கூடாது என்கிறேன்.

விருதுநகர்: எங்கள் ஊர் எண்ணெய்ப் பரோட்டாவை விட்டுவிட்டீர்களே?

அது எண்ணெயில் பொரித்தெடுப்பது. மேலே போட்ட கணக்கு அதற்குப் பொருந்தாது. குறிப்பேட்டில் "பரோட்டா" என்று பொதுவாக எழுதாமல் முழுப் பெயரோடு எழுதுங்கள். பரோட்டா வழக்கை இத்துடன் முடித்துக்கொள்வோம். இன்னும் பலர் காத்திருக்கிறார்கள்.

உசிலம்பட்டி: ஆடி, ஆவணியில் வாரம் ஒரு விருந்து வருகிறது. கிடா விருந்தில் உட்கார்ந்து எப்படி எழுதுவது?

ஐம்பது ரூபாய் வைத்தவரைக்கூடப் பெயரும் ஊருமாக மொய் நோட்டில் ஏற்றுகிற ஊர் உங்களுடையது. அந்த ஒழுங்கை இந்த நோட்டிலும் காட்டுங்கள். பந்தியில் எழுத வேண்டாம். கை கழுவி வந்ததும், சோறு எத்தனை முறை வாங்கினேன், கறி எத்தனை கரண்டி என்று இரண்டு வரி போதும். விருந்து நாளை விட்டுவிட்டு மற்ற ஆறு நாளை மட்டும் அழகாக எழுதுபவர்களின் குறிப்பேட்டால் எனக்குப் பயனே இல்லை.

வில்லாபுரம்: ஜிகர்தண்டாவுக்கு எத்தனை கலோரி?
தெப்பக்குளம்: பருத்திப்பாலுக்கு எத்தனை கலோரி?
திருநகர்: கறி தோசைக்கு?

அண்ணா நகர்க்காரருக்குச் சொன்னதே மூவருக்கும். ஜிகர்தண்டாவில் சுண்டிய பால், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் மூன்றும் கடைக்குக் கடை மாறும். பாதாம் பிசின் குளிர்ச்சி என்பதால் மற்றவை கணக்கிலிருந்து கழிந்துவிடாது. "ஒரு டம்ளர், பெரியது" என்று எழுதுங்கள்.

மேலூர்: அப்பா இன்சுலின் போடுகிறார். குறிப்பேட்டைப் பார்த்து இரவுச் சோற்றை நிறுத்திவிட்டோம். சரியா?

சரியில்லை. உணவைக் குறைத்து ஊசியின் அளவை அப்படியே விட்டால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். இன்றே மருத்துவரை அழைத்து விவரத்தைச் சொல்லுங்கள். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தெரிந்தால், அவர் நினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

கல்லூரி மாணவி: ஒவ்வொரு வாயையும் எழுதுகிறேன். எழுதப் பயந்து சில நாள் சாப்பிடுவதே இல்லை.

குறிப்பேட்டை இன்றே மூடி வையுங்கள், மா. உங்களுக்கு இது கருவி அல்ல. வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, அவரோடு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள்.

சோழவந்தான்: கைப்பேசிச் செயலி நல்லதா, நோட்டு நல்லதா?

எதில் விடாமல் எழுதுவீர்களோ அது.

பழங்காநத்தம்: பணியாரத்துக்கு எத்தனை கலோரி?

இன்றைக்கு இனிமேல் கலோரிக் கேள்விகளுக்குப் பதில் கிடையாது.

வாடிப்பட்டி: எழுதத் தொடங்கிய பிறகு எடையை எப்போது பார்ப்பது?

வாரம் ஒரு நாள், காலைக்கடன் முடித்து, எதையும் உண்பதற்கு முன், அதே எடைக்கருவியில் பாருங்கள். உப்புக் கூடிய விருந்துக்கு மறுநாள் ஏறுவதில் பெரும்பகுதி நீர். அதைக் கண்டு நோட்டைக் கிழிக்க வேண்டாம். மூன்று நான்கு வாரம் எடை நகராவிட்டால், சோற்றைக் குறைப்பதற்கு முன் அளவு எழுதாமல் விட்ட வரிகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அடுத்த வாரம் அவற்றை மட்டும் அளந்து எழுதுங்கள்.